டிராக்டருக்கு ஏற்ற ஹைட்ராலிக் ஆயிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடையில் ‘ஹைட்ராலிக் ஆயில்’ என்று மட்டும் கேட்டால், பெரும்பாலும் 68 என்று எண் போட்ட வாளி ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். பொக்லைனுக்கும் பிரஸ் மெஷினுக்கும் அது போதும். டிராக்டரிலோ, கலப்பை போன்ற கருவிகளைத் தூக்கும் லிஃப்டை இயக்கும் அதே எண்ணெய்தான் பல மாடல்களில் கியர்களுக்கு மசகாகவும் பிரேக்குக்குக் குளிர்விப்பானாகவும் இருக்கிறது. ஆகவே, விலையையும் கெட்டித்தன்மையையும் பார்ப்பதற்கு முன் வண்டியின் அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும்.

படி 1: பொது எண்ணெயா, தனி எண்ணெயா?

வண்டியின் கையேட்டில் உள்ள கொள்ளளவுப் பட்டியலைப் பாருங்கள். கியர் பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் சேர்த்து ஒரே அளவு கொடுத்திருந்தால் எண்ணெய் பொதுவானது. பவர் ஸ்டீரிங்குக்குத் தனி டேங்க் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

படி 2: பிரேக் எந்த வகை?

முடிவு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ‘ஆயில் பிரேக்’ உள்ள வண்டியில் பிரேக் தட்டுகள் அந்தப் பொது எண்ணெயிலேயே மூழ்கியிருக்கும். தட்டுகள் வழுக்கிவிடாமலும் அதிராமலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்கான உராய்வுச் சேர்மம் சாதாரண 68 எண்ணெயில் கிடையாது. அதை ஊற்றிய வண்டியில், பாரத்துடன் பிரேக்கை மிதிக்கும்போது பின்பக்கமிருந்து கரகரப்பும் உதறலும் வரத் தொடங்கும். தட்டுகளும் சீக்கிரம் தேயும். இத்தகைய வண்டிகளுக்கு, லேபிளில் ‘யுடிடிஓ’ (UTTO) என்று குறிப்பிட்ட டிராக்டர் டிரான்ஸ்மிஷன் எண்ணெயே ஏற்றது. உலர் பிரேக் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

படி 3: தரக் குறியீட்டை ஒப்பிடுங்கள்

‘எல்லா டிராக்டருக்கும் ஏற்றது’ என்ற வாசகத்தை நம்பாமல், கையேட்டில் உள்ள குறியீடு வாளியின் பின்பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜான் டியருக்கு ஜே20சி, மாஸி பெர்குசனுக்கு எம்1145, நியூ ஹாலந்துக்கு மேட் 3525 ஆகியவை பரவலாகக் காணப்படுபவை. அமெரிக்கச் சந்தையில் ‘303’ என்ற பெயரில் விற்கப்பட்ட மலிவு எண்ணெய்கள் வழக்கு வரை சென்றன. ‘303’ என்பது திமிங்கில எண்ணெய் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட பழைய ஜான் டியர் தரம். அது 1970களிலேயே கைவிடப்பட்டுவிட்டதால், வாளியில் ‘303’ என்று குறிப்பிடுவதற்கு இன்று பொருளே இல்லை.

படி 4: பாகுநிலை (எண்ணெயின் கெட்டித்தன்மை)

68 என்பது 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பாகுநிலை 68 சென்டிஸ்டோக் (பாகுநிலையின் அலகு) என்பதைக் காட்டும் எண். அது தர மதிப்பெண் அன்று. எண்ணெய் தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் குளிர்ந்த காலையில் பம்பு இரைந்து திணறும். மிகவும் இளகியிருந்தால் சூடேறிய பின் லிஃப்ட் தளரும். கையேடு சொல்வதை மீற வேண்டாம்.

படி 5: மாற்றும் முறை

கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுச் சேற்றுழவு ஓட்டிய வண்டியில், தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து எண்ணெய் மோர் போல வெளுத்திருக்கும். சந்தேகமாக இருந்தால், ஒரு துளியைச் சூடான இரும்புத் தகட்டில் விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்போது சீலையும் மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

வேலை முடிந்து எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது, லிஃப்ட் கைகளை முழுவதும் இறக்கிவிட்டு வடியுங்கள். ஃபில்டரைப் புதிதாக மாற்றுங்கள். வலைவடிகட்டி இருந்தால் கழுவிப் போடுங்கள். புது எண்ணெயை ஊற்றியபின் இன்ஜினை ஓட்டி லிஃப்டைச் சில தடவை ஏற்றி இறக்கி, சமதளத்தில் கைகளை இறக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்தபின் டிப்ஸ்டிக்கில் அளவைப் பார்த்துக் குறைவதை நிரப்புங்கள்.