பீச் காட்டில் நைட்ரஜன்: படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

சென்னையில் சூழலியல் படிக்கும் மாணவர்கள் ஐரோப்பிய, அமெரிக்க பீச் (beech, இலையுதிர்க்கும் ஒரு மரம்) காடுகளைப் பாடத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். மனதில் ஓடுவது கிண்டிக் காடு. அதில் தப்பில்லை, ஆனால் சில இடங்களில் கால் வழுக்கும்.

முதலாவது, காட்டின் நைட்ரஜன் பெரும்பாலும் மரத்தில் இருக்கிறது என்று எழுதுவது. உண்மையில் பெரும்பங்கு மண்ணில், மட்கிய பொருளாகக் கிடக்கிறது. இதற்கு அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டைவிட நல்ல சாட்சி இல்லை. பீச்சும் மேப்பிளும் பிர்ச்சும் கலந்த காடு அது. 1965 கடைசியில் ஒரு சிற்றோடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்க மரங்களை வெட்டி, அங்கேயே கிடக்கவிட்டார்கள். அப்புறம் களைக்கொல்லி தெளித்து, புதிதாக எதுவும் தளிர்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஓடைநீரில் நைட்ரேட், அதாவது வேர் உறிஞ்சக்கூடிய ஒரு நைட்ரஜன் வடிவம், பல மடங்கு எகிறியது. வெட்டிய மரம் அதற்குள் மட்கிக் கரைந்துவிடவில்லை. நுண்ணுயிர்கள் மண்ணில் நைட்ரேட்டை உண்டாக்கிக்கொண்டே இருந்தன. உறிஞ்சத்தான் வேர் இல்லை. களிமண்ணின் பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது, அதனால் நேர்மின்னூட்டமுள்ள அம்மோனியத்தைப் (நைட்ரஜனின் இன்னொரு வடிவம்) பிடித்து வைக்கும், எதிர்மின்னூட்டமுள்ள நைட்ரேட்டைப் பிடித்து வைக்காது. மழை அதை எளிதாக அடித்துப் போய்விடும்.

இதைப் புரிந்துகொண்டவர்களும் அடுத்ததில் மாட்டுவார்கள். மண்ணில் இவ்வளவு இருக்கிறதே, மரத்துக்கு என்ன குறை என்று கேட்பார்கள். மொத்த இருப்பு வேறு, இந்த வருடம் வேருக்குக் கிடைப்பது வேறு. ஆய்வகத்தில் மொத்த நைட்ரஜனை மட்டும் அளந்து, மண் வளமானது என்று முடித்துவிடும் அறிக்கைகள் எனக்கு எரிச்சலூட்டுபவை.

உதிர்ந்த இலை உடனே உரம் என்பதும் அப்படித்தான். உதிர்வதற்கு முன்பே மரம் இலையிலிருந்து ஏறக்குறைய பாதி நைட்ரஜனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருப்பது கரிமம் மிகுந்த சருகு. அதை மட்கச் செய்யும் பூஞ்சைகள் முதலில் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நைட்ரஜனை இழுக்கும். மாடித்தோட்டத் தொட்டியில் காய்ந்த சருகை மண்ணோடு கலந்ததும் செடி வெளிறுகிறதே, அதுவும் இதனால் இருக்கலாம். சருகை எரித்தாலோ, அதிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.

பீச் மரத்தின் வேரில் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நிலைநிறுத்தும் முடிச்சுகள் கிடையாது, பூஞ்சைகளோடுதான் கூட்டு. நம் ஊரிலும் அவரைக் குடும்பம் என்றாலே முடிச்சு உண்டு என்று நம்பிவிடக் கூடாது. வாகைக்கு உண்டு, புளிக்கும் சரக்கொன்றைக்கும் இல்லை.

கடைசியாக, நாள்காட்டி. அங்கே இலை கொட்டும் அக்டோபர், நவம்பர் நமக்கு அடைமழைக் காலம். கிண்டியில் இருப்பது பசுமைமாறா உலர் காடு. மொத்தமாக ஒரே பருவத்தில் மொட்டையாகாது. கோடையில் காய்ந்த மண் முதல் மழையில் நனையும்போது நுண்ணுயிர்கள் சட்டென்று விழித்து நைட்ரஜனை வெளிவிடும். எனவே மே மாதத்தில் ஒரே ஒரு முறை மண் எடுத்துவிட்டு பீச் காட்டோடு ஒப்பிட வேண்டாம். மழைக்கு முன்னும், முதல் மழைக்குப் பின் சில நாட்களிலும், பருவமழை முடிந்ததும் எடுங்கள்.