தரையிலிருந்து தொடங்குங்கள்: கரடுமுரடான நிலத்துக்குக் கிட் விமானம் தேர்ந்தெடுக்கும் முறை

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலர் அங்கேயே பைலட் லைசென்ஸும் எடுத்துவிட்டு, "அண்ணே, ஒரு கிட் வாங்கி நானே விமானம் கட்டலாம்னு இருக்கேன். ஆத்தங்கரை, மேய்ச்சல் நிலம், மண் ரோடுன்னு இறங்கணும். எது வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். கிட் என்றால் பாகங்களாக வாங்கி நாமே பொருத்திக் கட்டும் விமானம். ஊரில் இருக்கும் இன்ஜினியரிங் மாணவர்களும் இதையே கேட்கிறார்கள். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எங்கே இறக்கப் போகிறீர்கள்?

அலாஸ்காவில் ஆற்றங்கரையில் விமானம் இறங்கும் வீடியோவைப் பார்த்து விமானத்தை முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற நிலத்தை அப்புறம் தேடுகிறவர்கள்தான் அதிகம். அது தலைகீழ் வேலை. நிலம் முதலில், சுமை அடுத்து, இறக்கையும் சக்கரமும் அதற்கப்புறம். விமானத்தின் பெயர் கடைசியில் வரட்டும்.

படி 1: நிலத்தை நடந்து பாருங்கள்

புஷ் ஃபிளையிங் என்றால் தார் ஓடுதளம் இல்லாத இடத்தில் ஏறி இறங்குவது. ஆனால் புல், கூழாங்கல், மணல், சேறு நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். அதைக் கால் வழியாகத் தெரிந்துகொள்ள நம் குமரி மாவட்டத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

சொத்தவிளைக் கடற்கரைக்குப் போனால் இதை உடனே உணரலாம். மேட்டில் காய்ந்த மணல் கணுக்கால் வரை புதையும். அலை நனைத்துவிட்டுப் போகும் விளிம்பில் குதிகாலை ஓங்கி அழுத்தினாலும் லேசான பள்ளம்தான் விழும். இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது. அலாஸ்காவில் கடற்கரையில் இறங்கும் பைலட்டுகள் தேடுவது அந்த ஈரமான கெட்டி விளிம்பைத்தான். அடுத்து, கன்னிப்பூ அறுவடை முடிந்த ஒரு நாஞ்சில் நாட்டு வயலில் நடங்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், வரப்போரம் குச்சியைக் குத்தினால் உள்ளே சொதசொதவென்று இறங்கும். மேலே பறக்கும்போது இரண்டு இடமும் ஒரே பழுப்பு நிறமாகத்தான் தெரியும்.

இது கண்ணையும் காலையும் பழக்குவதற்கு மட்டும். நம் ஊர்க் கடற்கரையிலோ வயலிலோ விமானத்தை இறக்க யாருக்கும் உரிமை இல்லை. ஏன் என்பதைப் படி 7-ல் சொல்கிறேன்.

நீங்கள் பறக்கப் போகும் நாட்டில், அடிக்கடி இறங்கப்போகும் மூன்று இடங்களை எழுதி வையுங்கள். நீளம், சரிவு, கடல் மட்டத்திலிருந்து உயரம், மண்ணின் தன்மை, ஓரத்தில் நிற்கும் மரத்தின் உயரம். இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: சுமையைக் கிலோவில் எழுதுங்கள்

ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இது. ஒரு உதாரணத்தை முழுக்கப் போட்டுப் பார்ப்போம்.

கிறிஸ் ஹைன்ட்ஸ் 1980-களில் வடிவமைத்த ஜெனித் சிஎச் 701 இந்த வகையில் உலகப் புகழ் பெற்ற இரண்டு இருக்கைக் கிட். என்சிசி ஏர் விங்கில் இருந்த நம் ஊர்க்காரர்கள் சிலருக்கு 'ஜென் ஏர்' என்று நினைவிருக்கும். நிறுவனம் தரும் கணக்கில் வெற்று எடை சுமார் 263 கிலோ, ஆள், பெட்ரோல், சாமான் எல்லாம் சேர்த்துப் போகக்கூடிய உச்ச எடை சுமார் 499 கிலோ. மீதி 236 கிலோ நமக்கு. ஆளுக்கு 75 கிலோ என்று இரண்டு பேர், 150. டேங்குகளில் மொத்தம் 76 லிட்டர் பெட்ரோல், லிட்டருக்கு 0.72 கிலோ வீதம் 55. மீதம் 31 கிலோ. டென்ட், தண்ணீர், கருவிப்பெட்டி போதும் என்று தோன்றும்.

ஆனால் நிறுவனம் சொல்லும் வெற்று எடை மிகச் சிக்கனமாகக் கட்டிய விமானத்துக்கு. பெரிய டயர், கூடுதல் ரேடியோ, தடித்த பெயின்ட், இருக்கைக்கு நல்ல மெத்தை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 25, 30 கிலோ கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடும். அந்த 31 கிலோ அங்கேயே தீர்ந்தது. மைக்ரோலைட் எனும் மிக லேசான விமான வகைக்கு 450 கிலோ என்ற வரம்பு பல நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. அந்த வரம்புக்குள் பதிவு செய்தால் இன்னொரு 49 கிலோ போய்விடும். இரண்டு பேர் ஏறினால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும், பெட்ரோலை நிரப்பினால் ஒருவர் இறங்க வேண்டும்.

ஆகவே எப்போதும் தனியாகப் போகிறவருக்கு ஒரு விமானம், மனைவியோடு முகாம் அடிக்கப் போகிறவருக்கு வேறு விமானம். இரண்டாமவர் அதே ஜெனித்தின் சிஎச் 750, கிட்ஃபாக்ஸ் 7, ரான்ஸ் எஸ்-21 போன்ற அதிக உச்ச எடை கொண்டவற்றைப் பார்க்க வேண்டும். கிட்ஃபாக்ஸ் 7-ன் உச்ச எடை 703 கிலோ, எஸ்-21-க்கு 816 கிலோ. நான்கு பேர் என்றால் பேர்ஹாக் மாதிரி பெரிய கிட். அது வேறு செலவு, வேறு உழைப்பு. முதல் விமானமாக அதை யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கேபின் அகலத்தையும் இப்போதே பாருங்கள். சிமென்ட் தரையில் ஒரு மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, நண்பரோடு தோள் சேர உட்காருங்கள். சிஎச் 701-ன் உள்ளகலம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

படி 3: விளம்பரத் தூரத்தை நிஜத் தூரமாக மாற்றுங்கள்

"30 மீட்டரில் எழும்பும்" என்று பிரசுரத்தில் இருக்கும். அது தரையில் ஓடும் தூரம் மட்டும், அதுவும் கடல் மட்டத்தில், 15 டிகிரி குளிரில், கெட்டித் தரையில், கைதேர்ந்த பைலட் கையில். உங்களுக்கு வேண்டியது ஓடத் தொடங்கி 15 மீட்டர் உயரம் எட்டும் வரையான தூரம். மரம் அங்கேதான் நிற்கிறது.

சிறு விமானங்களுக்குப் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்ட பெருக்கு எண்கள் இந்தக் கணக்குக்கு மிகவும் உதவும். எடை 10 சதவீதம் கூடினால் 1.2. ஈரப் புல் 1.3. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் 1.1. ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் 1.1. 2 சதவீத ஏற்றச் சரிவுக்கு 1.1. எல்லாம் முடிந்தபின் பாதுகாப்புக்கு 1.33. இவற்றைக் கூட்டக் கூடாது, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும்.

15 மீட்டர் உயரம் எட்ட 150 மீட்டர் போதும் என்று கையேடு சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஈரப் புல்: 195. வெப்பம் 35 டிகிரி: 236. 1000 அடி உயரம்: 260. பாதுகாப்பு: 345 மீட்டர். சரிவையும் கூடுதல் எடையையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. படி 1-ல் எழுதிய மூன்று இடங்களுக்கும் இந்தப் பெருக்கலைப் போடுங்கள். பட்டியலில் இருக்கும் பாதி விமானங்கள் இங்கேயே கழன்றுவிடும்.

படி 4: இறக்கை எவ்வளவு மெதுவாகப் பறக்கவிடும்?

இறங்கும்போது பிரேக்கும் தரையும் சேர்ந்து விழுங்க வேண்டிய ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 60 கிலோமீட்டர் வேகத்தில் தொடுவதற்குப் பதில் 75-ல் தொட்டால், ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். கல்லும் குழியுமான தரையில் சக்கரக் காலை முறிப்பது அந்தக் கூடுதல் ஆற்றல்தான். அதனால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம், குறைந்த இறக்கை வேண்டும்.

சிஎச் 701 இதற்கு இறக்கையின் முன்விளிம்பில் அசையாத ஸ்லாட் வைத்திருக்கிறது. சிறு இடைவெளி விட்டுப் பொருத்திய குறுகிய முன் இறக்கை அது. தலையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பறந்தாலும் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரிய நேரம் எடுக்கும். ஜஸ்ட் ஏர்கிராஃப்டின் சூப்பர்ஸ்டாலில் ஸ்லாட் தானாக வெளியே வரும், வேகம் கூடினால் உள்ளே போகும். இத்தாலியின் சவன்னா விஜி ஸ்லாட்டை விட்டுவிட்டு, இறக்கையின் மேல் வரிசையாகச் சிறு தகடுகளை ஒட்டிச் சமாளிக்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஸ்லாட் எப்போதும் வெளியே இருந்தால் எப்போதும் காற்றை இழுக்கும். சிஎச் 701 மணிக்கு 130 கிலோமீட்டரைச் சுற்றித்தான் பயணம் செய்யும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் டூவீலரில் போனவருக்கு எதிர்காற்று என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டார்கள்? அப்படி ஒரு 45 கிலோமீட்டர் எதிர்காற்றில் இந்த விமானம் தரையைக் கடக்கும் வேகம் 85 ஆகிவிடும். இரண்டு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரத்தைத் தாண்டும், பெட்ரோலும் அதற்கேற்பக் கரையும். போதாததற்கு, மலைக்கு மறுபுறம் காற்று சுருண்டு கீழே அடிக்கும். லேசான, அகன்ற இறக்கை கொண்ட விமானத்தை அது தூக்கித் தூக்கிப் போடும்.

உங்கள் நிலம் வீட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் மெதுவான இறக்கையே சரி. 400 கிலோமீட்டர் தாண்டி இருந்தால் கிட்ஃபாக்ஸ், எஸ்-21 மாதிரி வேகமும் தருகிறவற்றைப் பாருங்கள்.

படி 5: சக்கரமும் உடலும்

வால் சக்கர விமானத்தில் மூக்குப் பக்கம் சிக்குவதற்கு எதுவும் இல்லை, புரொப்பெல்லரும் தரையிலிருந்து நன்றாக உயர்ந்து நிற்கும். ஆனால் எடை மையம் முக்கியச் சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரையில் சற்றுக் கோணினாலும் வால் முன்னே வரப் பார்க்கும். முறையான பயிற்சி இல்லாமல் தொடவே கூடாது. முன் சக்கர விமானம் நேராக ஓடும், பழகுவது எளிது. குழியில் முதலில் அடிபடுவது அந்த முன் கால்தான். தொடக்கநிலையில் இருப்பவருக்கு, உறுதியான முன் கால் கொண்ட விமானமும் நடுத்தர அளவு டயரும் போதும் என்பது என் கருத்து. 31 அங்குல டுண்ட்ரா டயர் எனும் பருத்த டயர் கூழாங்கல் ஆற்றுப்படுகைக்கு அருமையானது, ஆனால் எடையையும் வேகத்தையும் தின்றுவிடும்.

உடலுக்கு இரண்டு வழி. ஒன்று அலுமினியத் தகடு. ஜெனித்தில் 6061-டி6 என்ற அலுமினிய வகைத் தகடும், ஒரு பக்கமிருந்தே இழுத்துப் பொருத்தும் ரிவெட்டும். தகடு வேலை தெரிந்த யாருக்கும் கை சீக்கிரம் பழகிவிடும். மற்றொன்று கிட்ஃபாக்ஸ், ரான்ஸ் எஸ்-7 போல 4130 குரோமொலி எஃகுக் குழாய் கூட்டும் பாலியெஸ்டர் துணியும். எஃகுக் கூடு அடி வாங்கினாலும் ஆளைக் காக்கும், வளைந்த குழாயை வெட்டி வெல்டிங் செய்துவிடலாம். துணிக்கு வெயில் ஆகாது, கூரை கட்டாயம்.

கடலோரத்தில் வைப்பதாக இருந்தால் உப்புக்காற்றை மனதில் வையுங்கள். குளச்சல், முட்டம் வீடுகளில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறது என்று தெரியும்தானே? எஃகுக் குழாயின் உள்பக்கம் எண்ணெய் ஓட்டி அடைக்க வேண்டும். அலுமினியத் தகடுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடங்களில் பிரைமர் அடிக்காமல் ரிவெட் போடக் கூடாது. பாதி கட்டிய கிட்டைப் பிறரிடம் வாங்கினால், முதலில் ரிவெட் தலைகளைச் சுற்றி விரலால் தடவுங்கள். மாவு போல வெள்ளைப் பொடி ஒட்டினால் அரிப்பு தொடங்கிவிட்டது.

படி 6: என்ஜினும் பெட்ரோலும்

இந்த அளவு விமானங்களில் அதிகம் காணப்படுவது ரோட்டாக்ஸ் 912, 80 அல்லது 100 குதிரைத்திறன். முரட்டு நிலத்துக்கு 100. கிட் விலையில் பெரும்பாலும் என்ஜின், புரொப்பெல்லர், காக்பிட் மீட்டர்கள், பெயின்ட் எதுவும் சேராது. சிறிய கிட்டுகளில் என்ஜின் விலை கிட்டின் விலையையே தொட்டுவிடும். பட்ஜெட் போடும்போது இதை முதல் வரியில் எழுதுங்கள்.

ரோட்டாக்ஸில் ஆயில் பார்ப்பதற்கு ஒரு தனி முறை இருக்கிறது. இரண்டு இக்னிஷன் சுவிட்சும் அணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு, புரொப்பெல்லரைச் சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். சிறிது நேரத்தில் ஆயில் டேங்கிலிருந்து களக் களக் என்று சத்தம் வரும். ஆயில் முழுக்கத் திரும்பிவிட்டது என்று அர்த்தம், இனி அளவுகோலை எடுத்துப் பார்க்கலாம். நண்பர் ஒருவர் சிஎச் 701 கட்டும்போது பக்கத்திலிருந்து உதவியவன் நான். அந்தச் சத்தம் வரும்வரை அவர் யாரோடும் பேச மாட்டார்.

100 குதிரைத்திறன் ரோட்டாக்ஸுக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் வேண்டும், எத்தனால் 10 சதவீதம் வரைதான் அனுமதி. நம் ஊர்ப் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் கலந்தது. அதை அப்படியே ஊற்ற முடியாது. விமானங்களுக்கான பெட்ரோலான ஏவ்கேஸ் 100எல்எல் போடலாம், அதிலுள்ள ஈயம் படிவதால் ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும். பழைய கிட்ஃபாக்ஸின் ஃபைபர் டேங்குகளுக்கு எத்தனாலே ஆகாது.

படி 7: பணத்துக்கு முன் அனுமதி

அமெரிக்காவில் விமானத்தின் பெரும்பகுதியை நீங்களே கட்டியிருக்க வேண்டும், 51 சதவீத விதி என்பார்கள். பதிவானதும் பயணி இல்லாமல் குறிப்பிட்ட பகுதிக்குள் சோதனைப் பறப்பு, வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம். மற்ற நாடுகளில் விதி வேறு.

இந்தியாவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதிதான் தொடக்கம். மும்பையில் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானம் கட்டிய பைலட் அமோல் யாதவ், 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் அதை வைத்தார். பறந்து பார்க்க அனுமதி 2019-ல்தான் வந்தது. நம் மாவட்டத்தில் விமான நிலையமே இல்லை. மேற்கே திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வான்பகுதி, கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம், வடகிழக்கே மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம். மேற்குத்தொடர்ச்சி மலையின் பெரும்பகுதி வனத்துறையிடம். ஊரிலிருந்து கட்ட ஆசைப்படும் தம்பிகள் கிட்டை இறக்குமதி செய்யும் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எங்கிருந்து பறக்கப் போகிறீர்கள் என்பதையும் அந்த விண்ணப்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

படி 8: இரண்டு பெயர்கள் மிஞ்சியதும்

இதற்குள் உங்கள் பட்டியலில் இரண்டு பெயர்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் கட்டி முடித்த ஒருவரைத் தேடிப் பிடித்து, தராசில் ஏற்றி எடுத்த எடைத் தாளைக் கேளுங்கள். பிரசுர எடைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் படி 2-ல் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். அவரோடு ஒருமுறை பறக்க முடிந்தால், முழுச் சுமையில், மதிய வெயிலில் பறக்கக் கேளுங்கள்.

பிறகும் முழுக் கிட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம். ஜெனித் மாதிரி நிறுவனங்கள் வாலிலுள்ள சுக்கானை மட்டும் தனிக் கிட்டாக விற்கின்றன. அதை வாங்கி வீட்டுப் பின்கட்டில் வைத்துக் கட்டுங்கள். வரைபடம் படிப்பது, துளையிடுவது, பிசிறு நீக்குவது, பிரைமர், ரிவெட் எல்லாம் அந்த ஒரு துண்டிலேயே வந்துவிடும். வேலை முடிந்ததும் அனுபவமுள்ள ஒரு விமான மெக்கானிக்கிடம் காட்டி, ஒவ்வொரு ரிவெட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு மீதிக் கிட்டுக்கு முன்பணம் கட்டலாம்.