குஜ்ரியில பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிள் கண்ணுல பட்டா மொதல்ல சீட் கம்பிய உருவுங்க

பெங்களூர் சிவாஜிநகர்ல குஜ்ரி, அதாவது பழைய சாமான் விக்கற எடம், அந்தப் பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமை சும்மா சுத்திட்டு இருந்தேன், வளைஞ்ச ஹேண்டில் போட்ட ஒரு சைக்கிள் செவத்துல சாஞ்சு நின்னுச்சு, ஃபிரேம்ல பளபளன்னு ரெனால்ட்ஸ் 531ங்கற ஒசத்தி ஸ்டீல் டியூபோட ஸ்டிக்கர், அதப் பாத்ததும் எனக்கு புத்தி வேலை செய்யல, பேரம் கூட ஒழுங்கா பேசாம ஆட்டோல ஏத்தி அல்சூர் வந்து சேந்துட்டேன். எங்க தெரு சைக்கிள் கடை பாய் சீட் கம்பிய உருவி வெர்னியர் வெச்சு அளந்தாரு, 25.4 மி.மீ. "தம்பி இது சைக்கிள் இல்ல, கொழாய்"ன்னுட்டாரு.

அவர் சொன்னதுல ஒரு கணக்கு இருக்கு. பழைய ஸ்டீல் ஃபிரேம்ல சீட் கம்பி எறங்கற சீட் டியூபோட வெளி விட்டம் பெரும்பாலும் 28.6 மி.மீ தான், நல்லதுக்கும் மட்டத்துக்கும் அது ஒண்ணுதான், வித்தியாசம் உள்ள இருக்கு. நல்ல ஸ்டீலுக்கு பலம் ஜாஸ்திங்கறதால சுவர மெலிசா இழுக்க முடியும், அதனால உள்ள துவாரம் பெருசு, தடிச்ச சீட் கம்பி போகும். ரெனால்ட்ஸ் 531 டபுள் பட்டெட், இத்தாலி கொலம்பஸ் எஸ்எல் மாதிரி டியூப்னா 27.2 போகும். 25.4, 25.8ன்னு வந்தா சுவர் தடிமன், சாதா இரும்பு. ஒரு விதிவிலக்கு சொல்லிடறேன், பழைய ஃபிரெஞ்சு ஃபிரேம்ல டியூபே 28 மி.மீ, அதுல 26.4 வந்தாலும் நல்ல சரக்குதான், பெஜோ பிஎக்ஸ்-10 அப்படித்தான். கம்பி மேலேயே பெரும்பாலும் சைஸ் குத்தியிருக்கும், வெர்னியர் இல்லேன்னாலும் படிச்சுக்கலாம்.

பட்டெட்னா என்னன்னு கேட்டா, டியூபோட ரெண்டு முனையும் தடிமனா, நடுவுல மெலிசா இருக்கும். வெல்டு, பிரேசிங் சூடு படற எடத்துல தடிமன் வேணும், நடுவுல வேண்டாம், அவ்ளோதான் ஐடியா. ரெனால்ட்ஸ்காரங்க 1897லயே இதுக்கு பேட்டன்ட் வாங்கிட்டாங்க, 531 வந்தது 1935ல, பர்மிங்காம்ல. ஜாகுவார் இ-டைப் கார் முன்பக்க ஃபிரேமுக்கே இந்த 531 டியூப்தான் போட்டாங்க. நகத்தால டியூப் நடுவுல ஒரு சுண்டு சுண்டுங்க, மெலிசு டியூப் 'டிங்'னு மணி மாதிரி பேசும், தடிச்சது 'டொக்'. காது பழகணும், என்னுது இன்னும் பழகல.

அடுத்தது பின்வீல் அச்சு உக்கார்ற தகடு, டிராப்அவுட்னு சொல்றது. ஸ்டிக்கர மாத்தலாம், பெயின்ட மாத்தலாம், இத மாத்தறது லேசுப்பட்ட வேலை இல்ல, அதனால நான் ஃபிரேம்ல குனிஞ்சு பாக்கறது இங்கதான். தகரம் மாதிரி ஒரே தடிமன்ல வெட்டின பிளேட்டா இருந்தா மட்டம். காய்ச்சி அடிச்சு செஞ்ச தடி இரும்பா, அது மேல கேம்பக்னோலோ, சன்டூர், ஷிமானோன்னு ஏதாவது பாகக் கம்பெனி பேரு குத்தியிருந்தா மூச்ச புடிச்சுக்கிட்டு பேரத்த ஆரம்பிங்க, மொகத்துல மட்டும் காட்டாதீங்க. கியர் மாட்டற காது டிராப்அவுட்டோட ஒண்ணா இருக்கணும், தனி தகடா போல்ட்ல தொங்கினா அது அனேகமா சாதா ஃபிரேம்தான். லக், அதாவது டியூப் சேர்ற எடத்து உறை, அதோட ஓரம் ராவி மெலிசா, கூரா இருந்தா ஆள் வேலை செஞ்சிருக்கான்னு அர்த்தம்.

எந்த வருஷம்னு தெரியணுமா, ஷிமானோ பாகங்கள்ல கிரேங்குக்கு, அதாவது பெடல் மாட்டற கைக்கு, பின்னாடி ரெண்டு இங்கிலீஷ் எழுத்து இருக்கும், முதல் எழுத்து வருஷம், A-ன்னா 1976, B-ன்னா 1977, இப்படியே போகும், ரெண்டாவது எழுத்து மாசம். ஸ்டர்மி ஆர்ச்சர் மூணு கியர் ஹப்னா ஹப் மேலயே வருஷம் குத்தியிருக்கும். ஆனா பாகம் எப்ப வேணா மாறியிருக்கலாம், நாலஞ்சு பாகம் ஒரே காலத்த சொன்னாத்தான் நம்பணும்.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஹேண்டில் எறங்கற ஹெட் டியூபுக்கு கீழ, அங்கேர்ந்து பெடல் பக்கம் சாஞ்சு போற டவுன் டியூபோட அடிப்பக்கம் வெரலால தடவுங்க. சின்ன அலை மாதிரி தட்டுப்பட்டா எங்கயோ முட்டியிருக்கு, விட்டுட்டு வாங்க. ஒரு நூல ஒரு டிராப்அவுட்ல கட்டி ஹெட் டியூப சுத்தி இன்னொரு டிராப்அவுட்டுக்கு இழுத்து, சீட் டியூபுக்கும் நூலுக்கும் ரெண்டு பக்கமும் இடைவெளி ஒண்ணா இருக்கான்னு அளக்கணும், கடைக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும். அலுமினிய சீட் கம்பி ஸ்டீல் ஃபிரேமுக்குள்ள வருஷக்கணக்கா அசையாம கெடந்தா ரெண்டும் ஒட்டிக்கும், அத எடுக்கறதுக்குள்ள உயிர் போயிடும், அதனால அசையுதான்னு அங்கயே பாருங்க. மேல்துரு பத்தி கவலைப்படாதீங்க, நம்ம ஊர்ல கடல் காத்து இல்ல, சென்னையில கெடந்த ஃபிரேமோட ஒப்பிட்டா இங்க கெடைக்கறது தேவலாம்.

ஓவராயில் பண்ணும்போது ஒண்ணே ஒண்ணு. பெடல் அச்சு கூடு 68 மி.மீ அகலம்னா அனேகமா இங்கிலீஷ் மரை, செயின் பக்க கப் உல்டா சுத்தணும். 70னா இத்தாலி, ரெண்டு பக்கமும் நேர் மரை. இது தெரியாம ஒரு கடையில பெரிய ஸ்பேனர் போட்டு தப்பு பக்கம் மிதிச்சு ஏறினத நான் பக்கத்துல நின்னு பாத்தேன், அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. டயருக்கு பக்கவாட்டுல இருக்கற நம்பர நம்புங்க, 622, 630, 590 எல்லாம் வேற வேற ரிம், ஒண்ணு இன்னொண்ணுல ஏறாது. பின்பக்கம் ரெண்டு டிராப்அவுட்டுக்கும் நடுவுல இடைவெளி அஞ்சு கியர் காலத்துல 120 மி.மீ, ஆறு ஏழு கியர்ல 126, எட்டு கியர் வந்தப்ப 130. ஸ்டீல்ங்கறதால தெரிஞ்ச ஆள் வளைச்சு விரிச்சு குடுப்பாரு, அலுமினிய ஃபிரேம்ல அந்த வேலைய நெனைக்கவே கூடாது.

ஓட்டறதுக்கு வருவோம். கியர் லீவர் டவுன் டியூப்ல இருக்கும், கிளிக் கிடையாது, ஷிமானோ அந்த கிளிக் சிஸ்டத்த 1984ல தான் கொண்டு வந்தான். கால் அழுத்தத்த ஒரு நொடி கொறைச்சு, லீவர கொஞ்சம் தாண்டி இழுத்து, செயின் சத்தம் அடங்கற வரைக்கும் ஒரு மயிரிழை திருப்பி விடணும், ஒரு வாரத்துல கை தானா செய்யும், அப்பறம் கிளிக் கியர் சப்புன்னு இருக்கும். குரோம் ஸ்டீல் ரிம் இருந்தா மொத வேலையா அலுமினிய ரிம்முக்கு மாத்தி கோட்டம் எடுத்துடுங்க, பெங்களூர் சாயந்தர மழையில குரோம் ரிம்ல பிரேக் புடிச்சா அது யோசிச்சுதான் நிக்கும். டயர் எடம் இருந்தா 28 மி.மீ போடுங்க, நம்ம ரோட்டுக்கு அதுதான் மரியாதை. அப்பறம் பழைய ரேஸ் கியரோட நேரா நந்தி பெட்டா மலை ஏறப் போகாதீங்க, முன்னாடி சின்ன பல்சக்கரமே 42 பல்லு இருக்கும், முட்டி பேசும். ஹெசரகட்டா பக்கம் விடியக்காலையில போங்க, டியூப் ரோட்டு அதிர்வ எப்படி முழுங்குதுன்னு அங்கதான் புரியும்.

அந்த 25.4 கொழாய நான் விக்கல. ஒத்தை பிரீவீல் போட்டு, முன்னாடி கூடை மாட்டி, அல்சூர் மார்க்கெட்டுக்கு கீரை வாங்க அதுலதான் போறேன், பூட்டு கூட போடறதில்ல, ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருக்கு.