720720-ஐ உடைத்துப் பார்ப்போம்

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தைக்குப் பின்னேரம் கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கல்குலேற்றர் கொடுப்பதில்லை, ஒரு கை புளியங்கொட்டைதான் கொடுப்பேன். 12 கொட்டையை மிச்சமில்லாமல் நிரைநிரையாக அடுக்கச் சொன்னால், ஒரு நிரைக்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு விதமாக அடுக்கிவிடுவார்கள். இவைதான் 12இன் காரணிகள். 13 கொட்டையைக் கொடுத்தால் ஒரே நீட்டு வரிசைதான் வரும், அதைக் கிடையாக வைக்கலாம், நெடுக்காக வைக்கலாம், வேறு வழியில்லை. அது முதன்மை எண். இவ்வளவு விளங்கினால் போதும், கொப்பியை எடுங்கள்.

முதலில் 720720ஐ உற்றுப் பாருங்கள். 720 இரண்டு தரம் வருகிறது. அதாவது 720 ஆயிரமும் இன்னொரு 720ம், ஆகவே 720 × 1001. இந்த 1001 எனக்கு மிகவும் பிடித்த எண்: 7 × 11 = 77, அதை 13ஆல் பெருக்கினால் 1001. எந்த மூன்று இலக்க எண்ணையும் அதன் பக்கத்தில் அப்படியே இன்னொரு தரம் எழுதுங்கள், அது 7, 11, 13 மூன்றாலும் மீதியின்றிப் பிரிபடும்.

அடுத்து 720ஐப் பாதிபாதியாக்குங்கள்: 360, 180, 90, 45. நான்கு தரம், ஆகவே நான்கு 2. மிஞ்சிய 45 = 3 × 3 × 5. சரி, முழு எண்ணும் உடைந்துவிட்டது:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

இப்போது 1 முதல் 16 வரை எந்த எண்ணாலும் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. 14 வேண்டுமா, உள்ளே 2ம் 7ம் இருக்கின்றன. 15க்கு 3ம் 5ம். 16க்கு நான்கு 2ம் வேண்டும். அதில் ஒரு 2ஐ எடுத்தாலும் 16 போய்விடும், ஒரு 3ஐ எடுத்தால் 9 போய்விடும், அதனால் இந்தப் பதினாறுக்கும் பொது மடங்குகளுட் சிறியது இதுவேதான்.

எத்தனை காரணிகள்? பட்டியல் போட வேண்டாம். ஒரு காரணியை உருவாக்கும்போது 2ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு வரை எடுக்கலாம், ஆக 5 வழி. 3க்கு 3 வழி. மற்ற நான்குக்கும் எடுப்பது, விடுவது என்று இரண்டிரண்டு வழி. 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. நம்பிக்கை வராவிட்டால் 12இல் செய்து பாருங்கள்: 12 = 2² × 3, ஆகவே 2க்கு 3 வழி, 3க்கு 2 வழி, 3 × 2 = 6, கொட்டையில் கண்ட அதே ஆறு.

720720ஐ விடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் கிடையாது. ஈரோட்டில் பிறந்த இராமானுஜன், முந்திய சிறிய எண்கள் எல்லாவற்றையும் விட அதிகக் காரணிகள் கொண்ட இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் கேம்பிரிட்ஜில் இருந்த காலத்தில், 1915இல், ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்.

17ஆல் வகுத்தால் மட்டும் 5 மிஞ்சும், உள்ளே 17 இல்லையே. அப்படியென்றால் 17ஆல் பெருக்கிவிடுங்கள்: 12252240. இது 18ஆலும் பிரிபடும், 2ம் 9ம் ஏற்கெனவே இருப்பதால். பழைய காரணி ஒவ்வொன்றும் அப்படியே நிற்க, அதன் 17 மடங்கும் புதிதாகச் சேர்கிறது, 240 இப்போது 480.