புது ஹாம்ஸ்டர் கூண்டில் பழகும் நாட்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், எங்கள் திருப்பூர்ப் பக்கம் நாலு வீட்டில் ஹாம்ஸ்டர் என்கிற குட்டை வால் வளர்ப்பு எலி வந்து இறங்கிவிடும். அடுத்த நாளே எனக்கு போன். "கடிக்குதுங்க." "பகல் பூரா தூங்குதுங்க, சீக்கா இருக்குமோ?" "ராத்திரியெல்லாம் கம்பியைக் கடிச்சே கொல்லுதுங்க." ஹாம்ஸ்டர் வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நாங்கள் செய்த அதே கூத்தை இவர்களும் வரி பிசகாமல் செய்கிறார்கள். தண்ணீர் வையுங்கள், கதவைச் சாத்துங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

வந்த அன்றே கையில் எடுப்பது

அட்டைப் பெட்டிக்குள் வண்டியில் குலுங்கி வந்த உயிர் அது. கண் பார்வை மந்தம். மோப்பத்தை வைத்துத்தான் இடத்தையும் ஆளையும் அறியும். வந்த இடத்தில் எதுவுமே பழகிய வாசனையாக இல்லை என்றால் மிரளாமல் என்ன செய்யும்? கடையில் அது படுத்திருந்த தூளில் ஒரு பிடி கேட்டு வாங்கி வந்து புதுக் கூண்டில் போடுங்கள். கடையில் தின்ற தீனியையே முதல் வாரம் கொடுங்கள். மூன்று நாலு நாளைக்குச் சாப்பாடு, தண்ணீர் வைப்பதோடு சரி. பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் காட்டுவது, உயிரோடு இருக்கிறதா என்று கூட்டைக் கிளறிப் பார்ப்பது, எதுவும் வேண்டாம்.

அப்புறம் கையைக் கழுவிவிட்டு, உள்ளங்கையில் ஒரு சூரியகாந்தி விதையோடு கூண்டின் தரையில் வையுங்கள். அதுவாக ஏறி வரட்டும். மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்து வந்த மாதிரிதான், கடி நிச்சயம்.

பனியன் வேஸ்ட்

இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

எங்கள் தெருவில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருக்கிறார். மகளுக்கு ஹாம்ஸ்டர் வாங்கியவர், பனியன் கம்பெனியிலிருந்து துணி வெட்டி மிஞ்சிய வெள்ளை வேஸ்ட் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கூண்டில் திணித்திருந்தார். எடுத்துவிடச் சொன்னேன். "ஏனுங் தம்பி, மூட்டை மூட்டையா சும்மா கெடக்குதுங்க. மெத்துனு இருக்குது பாருங்க. இதை விட்டுட்டுக் கடையில காசு குடுக்கோணுமா?" என்றார். "நூல் பிரியுமுங்ணா, காலைச் சுத்திக்கும்" என்றேன். சிரித்தார்.

துணியை வெட்டிப் பிழைப்பவருக்கே இது தெரியாதா என்பதுதான் என் ஆதங்கம். பனியன் துணி பின்னல் துணி. வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று பிரிந்து வரும். ஹாம்ஸ்டர் செய்வதோ விழித்திருக்கும் நேரமெல்லாம் அதே வேலைதான்: பல்லால் இழுக்கும், கன்னப் பையில் அடைத்துக்கொண்டு போய்க் கூட்டில் கக்கும், அதற்குள் புகுந்து சுருண்டு படுக்கும். பத்து நாள் கழித்து அந்தப் பெண் ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். பின்னங்கால் கணுவில் ஒற்றை நூல் இறுகி, கண்ணுக்கே தெரியாமல் சதைக்குள் புதைந்திருந்தது. பாதம் வீங்கிக் கறுத்துப்போயிருந்தது. டாக்டர் நூலை வெட்டி எடுத்தார், பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்த ஒரு வீட்டோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வேஸ்ட் கிடைக்காதவர்கள் கடைக்குப் போய், ஹாம்ஸ்டர் படம் போட்ட பஞ்சுப் பாக்கெட்டை வாங்கி வருகிறார்கள். படம் போட்டிருப்பதாலேயே நல்லது என்று நினைப்பு. பஞ்சும் இழைதான், காலில் சுற்றும், விழுங்கினால் செரிக்காமல் குடலை அடைக்கும். தலையணைப் பஞ்சு, தையல் கடைத் துண்டு, கம்பளி நூல் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

மற்றதும் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். மரக்கடைத் தூள் பொடிப்பொடியாக மூக்கில் ஏறும். அதில் பிளைவுட் பசை கலந்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிற தென்னை நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்தால் தூசி. வாசனை இல்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரைக் கையால் கிழித்துப் போடுங்கள். அச்சடிக்காத காகிதத்தை மெல்லிசாகக் கிழித்துக் கலந்துகொள்ளலாம். ஒரு சாண் ஆழமாவது இருக்கட்டும். மேலாகத் தூவி வைத்தால் அது எங்கே வளை தோண்டும்? கம்பியைத்தான் கடிக்கும்.

ஜோடியாக வாங்குவது

லவ் பேர்ட்ஸ் இல்லை இது. சிரியாவிலிருந்து வந்த பெரிய வகையான சிரியன் ஹாம்ஸ்டர் என்றால் கூண்டுக்கு ஒன்று, அவ்வளவுதான்.

"சிரியா வெயில் ஊர்தானே, நம்ம வெயில் தாங்கும்"

தாங்காது. காட்டு ஹாம்ஸ்டர் அந்த வெயிலில் காய்வதில்லை. அரை மீட்டருக்கும் ஆழமாக வளை தோண்டி வெயில் நேரமெல்லாம் குளிர்ந்த மண்ணில் தூங்கிவிட்டு, காலையிலும் சாயங்காலமும்தான் வெளியே வரும். உங்கள் வீட்டில் அதற்கு அந்த வசதி இல்லை. 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். ஈரோடு, கரூர்ப் பக்கம் சித்திரையில் 40 சர்வ சாதாரணம். சிமென்ட் ஷீட் போட்ட அறை, மேற்குப் பார்த்த ஜன்னல், ஃபிரிட்ஜின் தலை, மூன்றும் ஆகாது. வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் கூண்டை வையுங்கள். வீடு கட்டி மிச்சமான டைல்ஸ் துண்டு ஒன்றை உள்ளே போட்டால் அதன்மேல் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுக்கும். வாய் உடைந்த மண்சட்டியை ஓரம் தேய்த்துக் கவிழ்த்து வைத்தால் நல்ல வீடு. ஆடிக் காற்று வீசும்போது ஜன்னலோரத்திலிருந்து தள்ளிவைத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம்

வாரம் தவறாமல் எல்லாவற்றையும் கொட்டி, ஃபினாயில் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து... கூண்டு பளபளக்கும், ஹாம்ஸ்டருக்கு மறுபடி முதல் நாள். மூத்திரம் போகிற மூலையை மட்டும் அவ்வப்போது அள்ளுங்கள். முழுதாக மாற்றும்போதும் பழைய காகிதத்தில் ஒரு பங்கைத் திரும்பப் போடுங்கள். ஒளித்து வைத்திருக்கும் கம்பையும் தினையையும் மொத்தமாக அள்ளி எறியாதீர்கள்; வெள்ளரித் துண்டு மாதிரி அழுகுவதை மட்டும் காலையில் எடுத்துவிட்டால் போதும்.

எறும்பு வரத்தான் செய்யும். அதற்காகக் கூண்டைச் சுற்றி எறும்புச் சாக்பீஸில் கோடு இழுக்காதீர்கள், அது பூச்சிமருந்து. பலகாரத் தூக்குக்குச் செய்வதுபோல, கூண்டு இருக்கும் ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் முடிந்தது.

சக்கரம்

கம்பிப் படி வைத்த ஓடுசக்கரம் வேண்டாம், கால் மாட்டும். சிரியனுக்குக் குறைந்தது 28 சென்டிமீட்டர் விட்டம். ஓடும்போது முதுகு வளையக் கூடாது.

பிளாஸ்டிக் பந்து

ஹாம்ஸ்டரை உள்ளே விட்டு உருட்டுகிற பந்து இது. வாங்காதீர்கள்.

டாக்டரை அப்புறம் தேடிக்கொள்ளலாம் என்பது

இடம் மாறிய குட்டிகளுக்கு முதல் வாரங்களில் வருகிற வயிற்றுப்போக்கு மோசமானது. வாலும் பின்பக்கமும் நனைந்து அழுக்காக இருக்கும், தின்னாது, கூனிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். நம் பக்கம் கால்நடை டாக்டர் என்றால் மாடு, ஆடு, கோழிதான் முதலில். ஹாம்ஸ்டர் பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பார்ப்பாரா என்று வாங்குவதற்கு முன்பே விசாரித்து, நம்பரைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.