கையோடு முடி வந்தால் கண்டிஷனரைத் திட்டாதீர்கள்

சலூனில் வேலை பழக வருகிறவர்கள் தலை அலசிவிடும்போது பக்கத்தில் நின்று பார்த்தால், நாங்கள் பழகிய காலத்துக் கூத்துதான் திரும்ப நடக்கிறது. வீட்டில் தானே கண்டிஷனர் போட்டுக்கொள்கிறவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் செய்கிறார்கள். சரியாக அலசாமல் விடுவது, பாதி பாட்டிலை ஒரே தடவையில் கவிழ்ப்பது போன்றவை ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும், அதெல்லாம் இங்கே வேண்டாம், தானாகத் திருந்தாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

முடி கொட்டுகிறது என்று கண்டிஷனரை நிறுத்துவது

"அக்கா, இதைப் போட்டாலே கொத்துக் கொத்தா கையோட வருது, அதான் விட்டுட்டேன்." இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டாலும் எரிச்சல் மட்டும் குறையவே இல்லை.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. வேரைவிட்டுக் கழன்ற முடி எல்லாம் உடனே தரைக்கு வந்துவிடாது, நீளமான கூந்தலில் மற்ற முடியோடு பின்னிக்கொண்டு அங்கேயே கிடக்கும். தலைக்குக் குளித்து மூன்று நாள் ஆகியிருந்தால் அந்த மூன்று நாள் பாக்கியும் உள்ளே இருக்கும். கண்டிஷனர் பட்டதும் முடி வழுக்கிச் சிக்கு விடுகிறது, ஏற்கெனவே கழன்றது கையோடு வருகிறது. அவ்வளவுதான் கதை.

சந்தேகமாக இருந்தால் வந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முழு நீளமாக இருந்து, ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக வெள்ளை முடிச்சு தெரிந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. முடிச்சே இல்லாமல் விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக இருந்தால் நடுவில் அறுந்தது. கண்டிஷனரை நிறுத்தினால் கூடுவது இந்த இரண்டாவது வகை.

ஷாம்பூ அழுக்கோடு எண்ணெய்ப்பசையையும் எடுத்துவிடும், முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம் நிற்கும். கண்டிஷனரில் நேர் மின்னேற்றம் உள்ள பொருட்கள் இருக்கின்றன, லேபிளில் செட்ரிமோனியம், பிஹென்ட்ரிமோனியம் என்று போட்டிருப்பது இவைதான். அவை முடியில் போய் ஒட்டிக்கொள்ளும், அடிபட்ட நுனியில் எதிர் மின்னேற்றம் அதிகம் என்பதால் அங்கே கூடுதலாகவே படியும். உராய்வு குறைகிறது, சீப்பு இழுக்காமல் இறங்குகிறது. ஈர முடி காய்ந்ததைவிட அதிகமாக நீளும், சீக்கிரம் அறும், அந்த நேரத்தில் வெறும் முடியில் சீப்பைப் போட்டு இழுத்தால் என்ன ஆகும்?

அப்படி நிறுத்திவிட்ட ஒரு பெண் வந்திருந்தார். முடி வளரவே மாட்டேன் என்கிறதாம். பின்னல் கழுத்தருகே நல்ல பருமன், கீழே வால் மாதிரி மெலிந்திருந்தது. சீவச் சீவ மேலே போர்த்திய துணியில் சின்னச் சின்னத் துண்டுகளாக விழுந்தன, எடுத்துக் காட்டினேன், ஒன்றில்கூட முடிச்சு இல்லை. முடி வளர்ந்துகொண்டுதான் இருந்தது, வளர்ந்த வேகத்தில் கீழே அறுந்துகொண்டும் இருந்தது. கடைசியில் ஒரு சாண் வெட்ட வேண்டியதாயிற்று. மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்கிற பொருளில் ஒரு சாண் என்றால் ஏறக்குறைய இரண்டு வருடம். பாட்டிலை மாற்றலாம், போன இரண்டு வருடத்தை எங்கே போய் வாங்குவது?

அதற்காக, வேரிலிருந்து கொட்டுவதைக் கண்டிஷனர் நிறுத்தும் என்றும் நம்பிவிடாதீர்கள். திடீரென்று அதிகமாகக் கொட்டினாலோ வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரிடம்தான் போக வேண்டும். வெடித்த நுனியையும் அது ஒட்டவைக்காது, கொஞ்சம் மறைக்கும், அதற்கு மருந்து கத்தரிக்கோல்தான்.

உச்சந்தலையில் அப்புவது

அங்கே எண்ணெய் தானாகவே சுரக்கிறது, அது வந்து சேராத இடம் நுனி. நீள முடி என்றால் காதுக்குக் கீழே தொடங்கி நுனிவரை போடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே பிசுபிசுவென்று தலையோடு படிந்துவிடும். சுருட்டையாக, வறட்சியாக இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். போடுவதற்கு முன்னால் தண்ணீரைக் கையால் பிழிந்துவிடுங்கள், சொட்டச் சொட்ட இருந்தால் பாதி வழிந்தே போகும். அப்புறம் அது தலையில் இருக்கும்போதே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். சிக்கெடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது.

ஷாம்பூவோடு உள்ளங்கையில் கலப்பது

கண்டிஷனரில் இருப்பது நேர் மின்னேற்றம், ஷாம்பூவில் இருப்பது எதிர். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வீணாகும். "டூ இன் ஒன்" பாட்டிலில் வருவது வேறு கலவை, அதைப் பார்த்து இதைச் செய்யாதீர்கள்.

ஒரு மணி நேரம் ஊறவைப்பது

இரண்டு மூன்று நிமிடம் போதும்.

முதுகை மறப்பது

முடியை அலசி முடித்த பிறகு முதுகுக்கும் நெற்றிக்கும் சோப்பு போடுங்கள். வழிந்த கண்டிஷனர் தோலில் தங்கினால் சிலருக்கு அங்கே பரு வரும்.