குளிர்காலத்தில் கேரவனில் சொந்த ஊருக்கு: முதன்முறை கிளம்பும் தம்பதியருக்கான செய்முறை விளக்கம்

கடலோரத்தில் வசிக்கும் கணவனும் மனைவியும், இருவரில் ஒருவர் சிறுவயதைக் கழித்த உள்நாட்டு ஊருக்கு, காரின் பின்னால் கேரவனை (உள்ளேயே உறங்கவும் சமைக்கவும் வசதியுள்ள இழுவை வண்டியை) பூட்டிக்கொண்டு குளிர்காலத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். இப்பயணத்தில் ஆளை ஏமாற்றுவது பகல் அல்ல, இரவு. கடல்நீர் வெப்பத்தை மெதுவாகவே இழப்பதால் கரையோர இரவுகள் மிதமாக இருக்கும். கடலை விட்டு விலகி, காற்று வறண்டு, வானம் தெளிந்திருக்கும் இடங்களில் நிலம் பகலில் பெற்ற வெப்பத்தை வெகுவிரைவில் இழந்துவிடும். ஊர் மேட்டுநிலத்தில் இருந்தால், ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். "அங்கே அப்படியொன்றும் குளிராது" என்று இருவரில் அந்த ஊர்க்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். அவர் அங்கே உறங்கியது கனத்த சுவர்களுக்குள், மெல்லிய தகட்டுப் பெட்டிக்குள் அல்ல.

படி 1: எடையைச் சரிசெய்தல்

கனமான பொருள்களைக் கேரவனின் சக்கர அச்சுக்கு அருகில், தரையோடு தரையாக வைக்கவும். இழுவைக் கொக்கியின்மேல் விழும் எடை பொதுவாகக் கேரவன் எடையில் 5 முதல் 10 சதவீதமாக இருக்கும்; உங்கள் வண்டிக்குரிய வரம்பு அதன் கையேட்டில் உண்டு. முன்பாரம் குறைந்து பின்பாரம் கூடினால் வண்டி வாலாட்டத் தொடங்கும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.

டயர் காற்றைக் கிளம்பும் நாளில் மட்டும் பார்ப்பது போதாது. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பவுண்டு குறையும் என்பதால், குளிர்ந்த காலையில், வண்டி நகர்வதற்கு முன்பே அதை அளக்க வேண்டும்.

படி 2: எரிவாயுவும் பேட்டரியும்

குளிர்கால இரவின் வெற்றியும் தோல்வியும் இங்கேதான் இருக்கின்றன. பியூட்டேன் ஏறத்தாழ 0 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும்; புரொபேனோ சுமார் −42 டிகிரி வரை ஆவியாகும். சிலிண்டர் நிறைந்திருந்தும் அடுப்பு எரியவில்லை என்றால், அதில் பியூட்டேன் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் அது நிரந்தரமாகப் பழுதாகக்கூடும் என்பதால், அதைக் கேரவனின் உட்புறத்தில் வைப்பதே நல்லது.

குளிர் தாங்காமல் சமையல் அடுப்பை எரியவிட்டு உறங்குவதும், தரையிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பதும் உயிருக்கே ஆபத்து. அப்போது உள்ளே சேரக்கூடிய நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; அதைக் கண்டறியும் அலாரம் இல்லாமல் கிளம்பவே கூடாது. மேலும், ஓர் இரவில் இருவர் விடும் மூச்சில் ஒரு டம்ளருக்கும் மேலான நீர் கலந்திருக்கும். காலையில் கண்ணாடியில் வழியும் துளிகளைத் துடைப்பவர்கள், மெத்தையைத் தூக்கி அதன் அடிப்பக்கத்து ஈரத்தைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

படி 3: தண்ணீர்

மாலையிலேயே வெளிக்குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் நீரை வடித்து, சுருட்டி உள்ளே வைத்துவிடவும். கெட்டிலையும் ஒரு வாளியையும் முன்னிரவே நிரப்பி வைத்தால், குழாய் உறைந்த காலையிலும் தேநீர் தடைபடாது.

படி 4: சாலையும் நேரமும்

சூரியன் சற்று மேலேறிய பின் கிளம்பி, பொழுது சாய்வதற்கு முன் தங்குமிடத்தை அடைவது உத்தமம். கீழேயும் குளிர்காற்று வீசுவதால் பாலங்களின்மேல் முதலில் பனி உறையும்; அந்தி வேளையில் விலங்குகள் சாலையைக் கடக்கும். வழி சொல்லும் பொறுப்பை ஊர்க்காரரிடம் ஒப்படைக்காமல் இருப்பதே என் பரிந்துரை: அவர் நினைவில் இருப்பது பழைய சாலை, அதுவும் பின்னிருக்கையிலிருந்து பார்த்தது. கேரவனின் உயரம், அகலம், மொத்த எடை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவைத்து, பாலங்களின் வரம்புகளோடு ஒப்பிட்டு வழியை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

படி 5: ஊருக்குள்

வளர்ந்த வீட்டின் வாசலில் கேரவனைக் கொண்டுபோய் நிறுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும். திருப்ப இடமில்லாத தெருவில் மாட்டிக்கொண்டால் தெருவே கூடி வேடிக்கை பார்க்கும். எனவே ஊர் எல்லையில், அனுமதியுள்ள இடத்தில் கழற்றி வைத்துவிட்டுக் காரில் போவதே சரி. அங்கு பின்னோக்கி நிறுத்தும்போது ஒருவர் மட்டுமே சைகை காட்ட வேண்டும். அவர் பக்கக் கண்ணாடியில் தெரியாத நொடியில் வண்டி நின்றுவிட வேண்டும். சமதளமாக இருந்தால், சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்துவிட்டுக் கைப்பிரேக்கைத் தளர்த்திவிடலாம்; உறைபனி இரவில் இறுக்கிய பிரேக் அப்படியே ஒட்டிக்கொள்வதுண்டு.

திரும்பும் நாளில் எரிவாயு வால்வு, கூரைச் சன்னல், படிக்கட்டு, கொக்கி, பாதுகாப்புச் சங்கிலி, பின்விளக்குகள் என்ற வரிசையில் ஒருவர் வாசிக்க, மற்றவர் தொட்டுப் பார்த்து உறுதி செய்யட்டும். கட்டைகளை எடுப்பது கடைசியில்.